ரதி அன்றே சொன்னாள்



மலைநாட்டுக்குப் போய் வந்தவர்கள் நுவரெலியாவின் பூந்தோட்டத்தையும் ஹட்டனின் குளிரையும் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். நான் சொல்லப் போவது டயகமவைப் பற்றி. உல்லாசப் பயணிகள் பெரிதாகத் தங்காத ஊர். உண்மையைச் சொன்னால் நான் அங்கே போனதும் ஊர் பார்க்க அல்ல. வீட்டில் எழுந்திருந்த ஒரு பேச்சிலிருந்து இரண்டு நாளாவது தள்ளியிருக்கலாம் என்றுதான் போனேன்.

அது 2023 மார்ச் மாதம். ஷஃபான் பாதியை நெருங்கிக்கொண்டிருந்தது. என் மூத்த மகளுக்கு அப்போது 21 வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் நல்ல உத்தியோகம். தொழுகையுள்ள பிள்ளை, தெரிந்த குடும்பம். நிகாஹ் முடிந்ததும் பெண்ணையும் அழைத்துப் போய்விடுவார்கள். “நோன்புக்கு முன்னர் ஒரு முடிவு சொல்லுங்க” என்றார்கள். என் கணவருக்குச் சம்மதம். மாமிக்கு இரட்டிப்புச் சம்மதம். “நசீபு வாசலுக்கு வந்து நிக்குது. கதவைச் சாத்தினா திரும்ப வருமா?” என்றார்.

மகள் என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவள் வாய் திறக்காமல் இருந்தாள். அந்த மௌனத்தையே சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அந்த வாரம்தான் டயகமவிலிருந்து என் தோழி தொலைபேசியில் பேசினார். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். இன்றைக்கும் ஒருவரை ஒருவர் ‘டீச்சர்’ என்றுதான் அழைத்துக்கொள்வோம். “டீச்சர், எங்க தோட்டத்துல இந்த வருசம் காமன் கூத்து பெரிசா நடக்குது. போயா லீவும் சேர்ந்து வருது. மகளையும் கூட்டிக்கிட்டு வாங்களேன்” என்றார். முப்பது வருடமாக அழைக்கிறார். இம்முறை சரி என்றேன்.

கம்பளையில் கோச்சி ஏறினோம். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம். பெட்டிக்குள் இருள் கவிய, சிறுவர்கள் கூவினார்கள். வெளிச்சம் திரும்பியபோது மகள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து அப்படியே இருந்தாள். தலவாக்கலைக்குச் சற்று முன்னால் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி தெரிந்தது. மேல் கொத்மலை நீர்த்தேக்கம் வந்த பிறகு பழைய வேகம் அதற்கு இல்லை.

தலவாக்கலையில் இறங்கி பஸ் பிடித்தோம். லிந்துலை, நாகசேனை, அக்கரப்பத்தனை என்று வளைந்து வளைந்து ஏறுகிறது பாதை. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் கீழே ஆக்ரா ஓயா. ஓர் இடத்தில் லீக்ஸும் கரட்டும் கோவாவும். அடுத்த வளைவில் மீண்டும் தேயிலை. ஊர்தி போகும் நேரான பாதை டயகமவோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் காடும், ஹோர்ட்டன் சமவெளியும்தான். மலைச் சரிவில் வரிசையாக லயங்கள். சில இடங்களில் புதிய தனி வீடுகள். பல இடங்களில் இன்னும் வெள்ளைக்காரன் காலத்துக் காம்பராக்கள்தான்.

நம் வீடுகளில் காலையில் ஊற்றும் தேத்தண்ணி இங்கிருந்துதான் வருகிறது. அந்த வருடம் கொழுந்து பறிப்பவரின் ஒரு நாள் குறைந்தபட்சச் சம்பளம் 1000 ரூபாய். 2021இல் வர்த்தமானியில் வந்த தொகை அது. 2022இல் விலைவாசி ஏறிய வேகத்தில் அந்த ஆயிரத்துக்குப் பெறுமதியே இல்லாமல் போயிருந்தது. இம்மக்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்த வருடமும் அதே 2023தான்.

தோழியின் வீட்டில் நுழைந்ததும் சூடான தேத்தண்ணியும் ரொட்டியும் சம்பலும் வந்தன. மஃரிபுக்கு நேரமானதும் நான் கேட்காமலே வாளியில் வெந்நீர் வைத்து, துவைத்த விரிப்பு ஒன்றை உள்ளறையில் விரித்து, “மேற்கு இந்தப் பக்கம், டீச்சர்” என்று காட்டிவிட்டுக் கதவைச் சாத்திப் போனார். அந்தக் குளிரில் அந்த வெந்நீர் எத்தனை பெரிய உபசாரம் என்பது மலைநாட்டில் வுளூச் செய்தவர்களுக்குத் தெரியும்.

இரவு அடுப்படியில் தோழியின் தாயார் எங்களோடு உட்கார்ந்தார். எண்பதை நெருங்கிய வயது. முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்த விரல்கள், இப்போது முழுதாக மடங்குவதில்லை. என் மகளைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “பாப்பாவுக்குக் கல்யாணமா?” என்றார். நான், “பேசிக்கிட்டிருக்கோம் அம்மா” என்றேன். மகள் எழுந்து விறகைத் தள்ளிவிடுவதுபோல் அடுப்பருகே போய்விட்டாள்.

கிழவி பேச்சை மாற்றினார் என்றுதான் நினைத்தேன். மாற்றவில்லை, தன் கதையைச் சொன்னார்.

1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்கள் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இதை ஒரு கணக்குப்போலப் படித்தோம். அந்தக் கிழவி அதற்குள்ளிருந்தே படித்தவர்.

அவருக்கு அடுத்த டிவிஷனில் ஓர் உறவுப் பையன். முறைப்பையன்தான்; இரண்டு வீட்டுக்கும் தெரியும். அவன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிப்போட்டார்கள். இவர் தகப்பனார் இலங்கைக்கு எழுதிப்போட்டார். சில வருடம் கழித்து அவர்களுக்குப் பாஸ்போர்ட் வந்தது. பெட்டி படுக்கையோடு கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை.

“அப்ப எல்லாரும் தலைவிதின்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். ஆனா ஃபாரத்தை நிரப்பினது விதி இல்லம்மா. ரெண்டு வீட்டு அப்பாமாருங்க. எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல.”

யார் மீதும் கோபமில்லாத குரலில் சொன்னார். பிறகு கட்டியவர் நல்ல மனிதர் என்றும், ஐந்து பிள்ளைகளைப் பெற்றதாகவும், குறை ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட்டு, சால்வையை இழுத்து மூடிக்கொண்டு கூத்துக்குப் புறப்பட்டார். நாங்களும் பின்னால் போனோம்.

காமன் கூத்து மலையகத்துத் தோட்டங்களில் மாசி மாதம் நடக்கும் கூத்து. அமாவாசை கழிந்து மூன்றாம் நாளளவில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அதிலிருந்து இரவுதோறும் தப்பு முழங்கும். முழுநிலவை ஒட்டிக் கூத்து உச்சத்துக்கு வரும். கம்பம் நட்ட வெளிக்குக் காமன் பொட்டல் என்று பெயர். அவர்களுக்கு இது வழிபாடும்கூட. வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் இருக்கிறார்கள். நாங்கள் விருந்தாளிகளாக ஓரமாக, பெண்களோடு பாயில் உட்கார்ந்தோம். மடியில் பிள்ளைகளும் போர்வைகளும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாக ஊரே வந்திருந்தது.

கதை எல்லாருக்கும் தெரிந்த கதை. ஈசன் தவத்தில் இருக்கிறார். அந்தத் தவத்தைக் கலைக்க வேண்டும் என்பது தேவர்களின் தேவை. அதற்கு ஆள் மன்மதன். இந்திரனிடமிருந்து தூதன் ஓலை கொண்டு வருகிறான். புதிதாக மணமுடித்த மன்மதன் கரும்பு வில்லை எடுக்கிறான். ரதி தடுக்கிறாள். கெட்ட கனவு கண்டேன், போகாதீர்கள் என்கிறாள். போனால் எரிந்து போவீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறாள். அவன் கேட்கவில்லை. போகிறான், மலரம்பு விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான். ரதி அழுது மன்றாடிய பிறகு அவன் மூன்றாம் நாள் மீண்டு வருகிறான். ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

ரதியாக ஆடியவர் இளைஞர் ஒருவர். பகலில் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்பவராம். அவருக்கும் மன்மதனுக்கும் நடந்த வாதம் நீண்டுகொண்டே போனது. அவள் ஒரு காரணம் சொல்ல, அவன் ஒரு சமாதானம் சொல்ல, இடையில் தப்பு முழங்க, இருவரும் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். முடிவு தெரிந்திருந்தும் என் பக்கத்தில் இருந்த பெண்கள், “போகாதேய்யா, அவ சொல்றதக் கேளு” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அவன் போகிறான். ஒவ்வொரு வருடமும் தடுக்கிறார்கள்.

மகள் மெதுவாக, “உம்மா, இது ரோமியோ ஜூலியட் மாதிரியே இருக்கு” என்றாள்.

அவள் ஆங்கில இலக்கியம் படிக்கிறவள். நான் படித்தது தமிழ். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழர்க்கு அறிமுகம் செய்து காரைதீவு விபுலாநந்த அடிகள் எழுதிய ‘மதங்க சூளாமணி’ 1926இல் வந்தது. அதில் ரோமியோவும் ஜூலியட்டும் ‘இரம்மியன் சுசீலை’ ஆகியிருப்பார்கள். அந்த அளவே எனக்குத் தெரியும். மற்றதை மகள் குளிரில் போர்வைக்குள் இருந்தபடி சொன்னாள்.

நாடகத்தின் முதல் பேச்சிலேயே இவ்விருவரும் சாவார்கள் என்று சொல்லிவிடுகிறார்களாம். நட்சத்திரங்கள் சரியில்லை, விதி சரியில்லை என்ற பேச்சு நாடகம் நெடுகிலும் வருகிறதாம். “ஆனா உம்மா, நட்சத்திரமா செஞ்சது? ரெண்டு குடும்பமும் பழைய பகையை விடல்ல. அவளுக்குப் பதினாலு வயசுகூட ஆகல்ல. வாப்பா இன்னொருத்தருக்கு நாள் குறிச்சிட்டாரு. அவள் முழங்கால்ல விழுந்து கெஞ்சினாள். கேக்காட்டி வீட்ட விட்டுத் துரத்திருவேன்னு சொன்னாரு. உம்மாக்காரியும் முகத்தைத் திருப்பிக்கிட்டாள்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இருவர் மீதும் பிழை உண்டு என்பதையும் அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கண்டு, திங்கட்கிழமை இரகசியமாக மணந்து, வியாழனுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு நாள் பொறுத்திருந்தால்கூடப் பிழைத்திருப்பார்கள். முக்கியமான கடிதம் ஒன்று போய்ச் சேரவில்லை. கொண்டு போனவரைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். அந்த ஒன்றை வேண்டுமானால் மனிதர் கையில் இல்லாதது என்று சொல்லலாம். மீதியெல்லாம் யாரோ ஒருவர் எடுத்த முடிவு, அல்லது கேட்க மறுத்த ஒரு வார்த்தை.

விடிவதற்குச் சற்று முன் கம்பம் எரிந்தது. ரதி தலைவிரிகோலமாக விழுந்து புரண்டாள். கூத்து என்பதை மறந்து பெண்கள் அழுதார்கள். தோழியின் தாயாரைப் பார்த்தேன். அவர் அழவில்லை. தீயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வீடு திரும்பி சுபுஹு தொழுதுவிட்டு அந்த விரிப்பிலேயே வெகுநேரம் இருந்தேன். நாம் கத்ரை நம்புகிறவர்கள். நடப்பதெல்லாம் அல்லாஹ்வின் அறிவிலும் நாட்டத்திலும் உள்ளது என்பது நம் ஈமானின் ஒரு பகுதி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையை நாங்கள் எதற்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம்? ஒரு பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் தப்பிக்க.

உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாக அறிந்து, ஆலோசனை கேட்டுத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற பொருளில் பதில் சொன்னார்கள். பசும்புல் உள்ள கரையும் வறண்ட கரையும் இருந்தால் ஒட்டகத்தை எதில் மேய்ப்பீர்கள் என்றும் கேட்டார்கள். எதில் மேய்த்தாலும் அது விதிதான். ஆனாலும் மேய்ப்பவன் கண்ணைத் திறந்து பார்த்துத்தானே ஓட்ட வேண்டும்!

மௌனம் சம்மதம் என்கிறோமே, அதையும் நினைத்துப் பார்த்தேன். கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அவள் வெட்கப்படுவாளே என்று கேட்கப்பட்டது. அவளது மௌனமே அனுமதி என்றார்கள். கேள்வி முதலில், மௌனம் பிறகு. நாங்கள் கேள்வியை விட்டுவிட்டு மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். தன் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்ததாக கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது அந்த நிகாஹை நபியவர்கள் செல்லாதது ஆக்கினார்கள்.

பரீரா (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் மனதைத் தொடும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதும், தம் கணவர் முகீஸோடு வாழ்வதா பிரிவதா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது. பிரிந்தார். முகீஸ் தாடி நனைய அழுதபடி மதீனாத் தெருக்களில் அவர் பின்னால் திரிந்தார். நபியவர்களே மனமிரங்கி, அவரிடம் திரும்பிப் போகலாமே என்றார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார். அவ்வளவுதான். ஒருவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

எனது நிகாஹ் 1990களில் நடந்தது. இந்நாட்டில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி நிரப்பப்பட்ட அந்தப் படிவத்தில் என் கணவரின் கையெழுத்து இருக்கிறது. வலீயாக என் வாப்பாவின் கையெழுத்து இருக்கிறது. என்னுடையது இல்லை, அதற்கு இடமே வைக்கப்படவில்லை. சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு அமைந்து, 2018இல் அறிக்கை கொடுத்தது. மணமகளின் கையெழுத்தும் அதையொட்டிப் பேசப்பட்ட விடயங்களில் ஒன்று. அதை ஆலிம்களும் சட்டம் தெரிந்தவர்களும் பேசட்டும். ஆனால் தாளில் இடமில்லாவிட்டாலும், அடுப்படியில் தன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்க எந்த உம்மாவுக்கும் எந்தச் சட்டமும் தடை போடவில்லை.

வெயில் ஏறியதும் நானும் மகளும் ஆக்ரா ஓயாப் பக்கம் நடந்தோம். தேயிலைச் செடிகளில் பனி இன்னும் காயவில்லை. கொழுந்துச் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு பெண்கள் எங்களைக் கடந்து போனார்கள். போயாவிலும் சிலருக்கு வேலை இருந்தது.

“மகள், ஒங்களுக்கு இந்தச் சம்பந்தம் விருப்பமா?” என்று கேட்டேன். இத்தனை சிறிய கேள்விக்கு ஒரு மலை ஏறி வர வேண்டியிருந்தது.

அவள் நின்றாள். “நான் ஒருதரம் சொன்னேன் உம்மா. நீங்க அன்னைக்கு ரோல்ஸ் பொரிச்சிக்கிட்டு இருந்தீங்க. படிப்பை முடிச்சிட்டுப் பார்க்கலாமேன்னு சொன்னேன். நீங்க ‘மாவை எடு’ன்னு சொன்னீங்க.”

எனக்கு நினைவே இல்லை. ஆனால் அவள் பொய் சொல்கிற பிள்ளை அல்ல. “அந்தப் பிள்ளையில ஏதும் குறையா?” என்றேன். “ஒரு குறையும் இல்ல. அவரை எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். பாதியில படிப்பை விட்டுட்டுப் போக ஏலாது. வேற யாரும் மனசில இல்ல, நீங்க பயப்பட வாணாம்.” கடைசியாகச் சொன்னதைக் கேட்க நான் எத்தனை ஆசைப்பட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

சிக்னல் கிடைக்கும் ஒரு மேட்டில் ஏறி நின்று கணவரை அழைத்தேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “முதல்லயே கேட்டிருக்கலாம்” என்றார். யாரைச் சொன்னார் என்று நானும் கேட்கவில்லை.

இதனால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாப்பிள்ளை வீட்டார் மனம் வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயமும் உண்டு. சம்பந்தம் கொண்டுவந்த என் நாத்தனார் அந்தப் பெருநாளைக்கு வீட்டுக்கு வரவில்லை. மாமி பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் பிள்ளைக்கு அதே வருடம் வேறிடத்தில் நிகாஹ் ஆகி, நன்றாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். என் மகள் படிப்பை முடித்துவிட்டாள், இப்போது படிப்பிக்கிறாள், இன்னும் திருமணம் ஆகவில்லை. இரவில் சிலபோது எனக்குக் கவலை வருகிறது. அப்போது நானும் நசீபு என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கேட்டுவிட்டுச் சொல்லும்போது அந்தச் சொல் நெஞ்சில் குத்துவதில்லை.

டயகமவிலிருந்து திரும்பும் நாள், பஸ் ஏறும் முன் தோழியின் தாயாரிடம் விடைபெறப் போனேன். மூன்றாம் நாள் காமன் மீண்டு வருவதைப் பார்க்காமல் போகிறோமே என்றேன். அவர் சிரித்தார்.

“வந்து என்னம்மா? அவ கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான். எரியறதுக்கு முன்னாடியே அவ பேச்சைக் கேட்டிருந்தா எல்லாரும் பாத்திருக்கலாம்.”

பஸ் அசைந்தது. அவர் மடங்காத விரல்களால் என் மகளின் கன்னத்தைத் தொட்டு அனுப்பினார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் மகள் ஒருத்தி வாய் பேசாமல் இருக்கக்கூடும். அவளிடம் கேட்டுவிட்டீர்களா?